கரும்பும் ஜானகி அம்மாளும்

நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.



பேசச் சொல்லிக் கேட்டபோதே செக்ரட்டரி ஐயா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "பதினைந்து நிமிஷம்தான். அதற்கு மேல் போனால் பொங்கல் ஆறிவிடும்." அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கீழே கேட்டின் இரண்டு பக்கமும் கரும்பு கட்டியிருக்கிறோம். கருஞ்சிவப்பாக, பருமனாக, கடித்தால் சாறு வழிகிற பன்னீர்க் கரும்பு. கடலூர்ப் பக்கத்தில் இதற்காகவே பயிர் வைக்கிறார்கள். ஆனால் இன்று காலை காபியில் நீங்கள் போட்டுக்கொண்ட சர்க்கரை இந்தக் கரும்பிலிருந்து வந்ததில்லை. ஆலைக்குப் போகிற கரும்பு வேறு. வெளிறிய நிறம், தோல் கெட்டி, பல் வைத்தால் பல்தான் போகும். விவசாயியிடம் ரகம் என்னவென்று கேட்டால் "கோ 86032" என்று வண்டி நம்பர் சொல்வது மாதிரிச் சொல்வார். 'கோ' என்றால் கோயம்புத்தூர். அங்கே 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பிறந்த ரகங்களுக்கெல்லாம் அந்த அடைமொழி உண்டு.

அந்த நிலையத்தில் 1934 முதல் 1939 வரை வேலை பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெயர் ஜானகி அம்மாள். முழுப்பெயர் எடவலேத் கக்கட் ஜானகி அம்மாள். 1897 நவம்பர் 4-ஆம் தேதி தலச்சேரியில் பிறந்தார். தலச்சேரி எங்கே என்று குழந்தைகள் யோசிக்க வேண்டாம். நம் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹே இருக்கிறதே, அதை ஒட்டி, பத்து கிலோமீட்டருக்குள். மாஹே பிரெஞ்சுக்காரர் ஊர், தலச்சேரி இங்கிலீஷ்காரர் ஊர். நமக்கும் கடலூருக்கும் இருந்த கதைதான்.

அப்பா சப் ஜட்ஜ். பெரிய குடும்பம், நிறையப் பிள்ளைகள். அக்கா தங்கைகளுக்கெல்லாம் முறைப்படி கல்யாணம் ஆகிக்கொண்டிருந்தது. இவர் சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார், பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியலில் 1921-இல் ஆனர்ஸ் முடித்தார். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்பர் உதவித்தொகை கிடைத்தது. ஆசியப் பெண்கள் படிப்பதற்கென்றே ஏற்படுத்திய உதவித்தொகை அது. கப்பல் ஏறிவிட்டார். அங்கே இறங்கியபோது பட்டுப்புடவையும் நீளக் கூந்தலுமாக இருந்த இவரைப் பார்த்து, இந்திய அரசகுமாரியா என்று அதிகாரிகள் கேட்டதாகவும், இவர் மறுக்கவில்லை என்றும் ஒரு கதை உண்டு. மறுத்திருந்தால் கியூவில் இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தியிருப்பார்கள், வேறென்ன!

முதலில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டுத் திரும்பினார். மறுபடி போய் 1931-இல் டாக்டர் பட்டத்தோடு வந்தார். அமெரிக்காவில் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் என்று இவரைச் சொல்கிறார்கள். இரண்டு வருஷம் திருவனந்தபுரத்தில் பேராசிரியர். அதன் பிறகுதான் கோயம்புத்தூர்.

அங்கே என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மகளிர் தினம் வந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்திகளில் "இந்தியக் கரும்பை இனிக்க வைத்தவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி அவருக்கு முன்னால் உழைத்தவர்களுக்கும் நியாயம் செய்யவில்லை, அவர் உண்மையில் செய்த வேலையையும் மறைத்துவிடுகிறது.

கதை இதுதான். நூறு வருஷத்துக்கு முன் நம் நாட்டுக்கு ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. வடநாட்டில் பயிரான கரும்போ குச்சி மாதிரி இருக்கும். இனிப்பான பருத்த கரும்பு அந்தக் குளிரையும் வறட்சியையும் தாங்காது. கோயம்புத்தூரில் கரும்பு நன்றாகப் பூக்கும், அதனால் இனக்கலப்பு செய்ய வசதி என்று நிலையத்தை அங்கே வைத்தார்கள். பார்பர் என்ற ஆங்கிலேயரும், அவருக்குப் பின் டி. எஸ். வெங்கட்ராமனும் ஒரு காரியம் செய்தார்கள். உதவித்தொகை பார்பர் வேறு, இந்தப் பார்பர் வேறு. தமிழில் எழுதினால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுகிறார்கள். 'வெள்ளை' என்ற பருத்த கரும்பை எடுத்து நாணலோடு கலந்தார்கள்.

நாணல்தான். ஆற்றோரத்தில், ஏரிக்கரையில் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்குமே, மாடு கூட முற்றினால் திரும்பிப் பார்க்காதே, அதே நாணல். இனிப்பு கிடையாது, ஆனால் வெள்ளம், வெயில், வறட்சி எது வந்தாலும் சாகாது. அந்தக் கலப்பில் பிறந்த 'கோ 205' 1918-இல் வெளியானது. இன்று உலகத்தில் ஆலைக்குப் போகிற கரும்பு எதை எடுத்தாலும் அதில் கொஞ்சம் நாணலின் ரத்தம் ஓடுகிறது.

ஆக, கலப்பு செய்யும் வேலை ஜானகி அம்மாள் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இவர் எதற்கு வந்தார்? எண்ணுவதற்கு.

நான் படித்தது பி.காம். சயின்ஸ் எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. அதனால் எனக்குப் புரிந்த விதத்தில், வங்கிக் கணக்காகவே சொல்கிறேன். டாக்டர்கள், டீச்சர்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த உயிரை எடுத்தாலும் ஒவ்வொரு செல்லிலும் ஒரு லெட்ஜர் இருக்கிறது. அந்த லெட்ஜரின் பாகங்கள்தான் குரோமோசோம்கள். மனிதனுக்கு 46. அம்மாவின் பங்கு 23, அப்பாவின் பங்கு 23, ஜாயின்ட் அக்கவுன்ட் மாதிரி. அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும்போது சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பாதியாகப் பிரியாத கணக்காக இருந்தால் விதை பிடிக்காது. நாம் தின்கிற வாழைப்பழத்தில் பெரும்பாலானவற்றுக்கு விதை இல்லையே, ஏன்? 11 குரோமோசோம் கொண்ட செட் இரண்டு இருந்தால் பிரிக்கலாம். மூன்று செட் இருக்கிறது, மொத்தம் 33. மூன்றை எப்படி இரண்டு பேருக்குச் சமமாகப் பிரிப்பது? செடி முயற்சியைக் கைவிட்டுவிடுகிறது, நமக்கு விதையில்லாத பழம் கிடைக்கிறது.

கரும்பின் கணக்கு இன்னும் சிக்கல். பருத்த கரும்புக்கு 80. நாணலுக்கோ ஒரே எண் கிடையாது. இடத்துக்கு இடம் மாறி 40-லிருந்து 128 வரை போகும். இவை இரண்டையும் கலந்தால் பிள்ளைக்கு எத்தனை வரும்? அது உண்மையிலேயே கலப்புதானா, அல்லது தாய்ச்செடி தன் மகரந்தத்திலேயே காய்த்துவிட்டு நம்மை ஏமாற்றுகிறதா? வயலில் நின்று பார்த்தால் தெரியாது. வேரின் நுனியை நறுக்கி, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது. கண்ணும் பென்சிலும்தான்.

அதை ஜானகி அம்மாள் செய்தார். நாணல் நம் நாட்டுக்குள்ளேயே எத்தனை விதமாகப் பிரிந்து கிடக்கிறது என்று எண்ணிக்கையோடு காட்டினார். கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்தார். வெங்கட்ராமன் கரும்பையும் மூங்கிலையும் கலந்தபோது அந்தக் கலப்பின் குரோமோசோம்களை எண்ணியவரும் இவரே. இவை 1938-இல் 'நேச்சர்' இதழில் வந்தன. அதற்கு முன்பே, சர் சி. வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தில் 1935-இலேயே இவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வங்கியில் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் உங்களுக்கு உடனே புரியும். டெபாசிட் பிடித்துவருகிறவர் பெயர் மேனேஜர் வாயில் வரும், போட்டோ நோட்டீஸ் போர்டில் வரும். ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து பேலன்ஸ் டேலி பண்ணுகிறவன் பெயர் எங்கேயும் வராது. ஆனால் டேலி ஆகாவிட்டால் கிளையே மறுநாள் ஓடாது. ஜானகி அம்மாளின் வேலை அந்த இரண்டாவது வகை.

கோயம்புத்தூரில் அவருக்குச் சுகமாக இல்லை. ஆண்கள் நிறைந்த அலுவலகம். இவர் கல்யாணம் செய்துகொள்ளாத பெண், தீயர் சமூகம், அன்றைய கணக்கில் பிற்பட்ட சாதி. பெண் என்பதும் சாதியும் சேர்ந்து அவருக்கு இடைஞ்சலாக இருந்ததாக அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் மரபியல் மாநாடு நடந்தது. அதற்குப் போனார். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே யுத்த மேகம் சூழ்ந்தது, செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. அங்கேயே தங்கிவிட்டார். 41 வயதில் ஊர் விட்டு ஊர்.

லண்டன் பக்கத்தில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலை. ஜெர்மன்காரன் குண்டு போடுகிற ராத்திரிகளில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். காலையில் எழுந்து, அலமாரியில் உடைந்து சிதறியிருக்கிற கண்ணாடியைத் தள்ளிவிட்டு மறுபடி எண்ண உட்காருவாராம். அங்கே டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1945-இல் ஒரு புத்தகம் போட்டார். மனிதன் பயிர் செய்கிற செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கை அட்டவணை. அரிசியா, கோதுமையா, ரோஜாவா, கத்தரியா, எந்தச் செடிக்கு எத்தனை என்று பெயர் பெயராக, வரி வரியாக. படித்து ரசிக்கிற புத்தகம் இல்லை, ரெஜிஸ்டர். ஆனால் உலகம் முழுக்க இனக்கலப்பு செய்கிறவர்கள் அதைப் புரட்டாமல் வேலை தொடங்க முடியாத காலம் இருந்தது.

நடுவில் ஒரு சங்கதி. அதே 1945-இல்தான் நம் காக்காயந்தோப்பில், அரிக்கமேட்டில், மார்ட்டிமர் வீலர் தோண்டிக்கொண்டிருந்தார். அவரும் ஒவ்வொரு மண் அடுக்கையும் பிரித்து, குறித்துவைத்துத்தான் அந்த இடத்தின் காலத்தைச் சொன்னார். நம் தெருமுனையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அது இருக்கிறது. எத்தனை பேர் பார்த்திருக்கிறோம் என்று கை தூக்கச் சொல்லப்போவதில்லை.

அடுத்து விஸ்லி என்ற ஊரில் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம். அங்கே சம்பளத்துக்கு அமர்ந்த முதல் பெண் விஞ்ஞானி இவர் என்கிறார்கள். கோல்ச்சிசின் என்ற மருந்தை நாற்றுகளில் தடவினால் குரோமோசோம்கள் இரட்டிப்பாகும். இங்கே யூரிக் ஆசிட் கூடி பெருவிரல் வீங்குகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், அதே மருந்துதான். நம்முடைய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அது இருக்கிறது. கார்த்திகையில் பூக்கும், பார்க்க அழகு, கிழங்கு கடும் விஷம். குழந்தைகள் தொட வேண்டாம். அந்தக் கோல்ச்சிசினை மக்னோலியா மர நாற்றுகளில் போட்டு வளர்த்தார் ஜானகி அம்மாள். அப்படி வந்த ஒரு மக்னோலியா ரகத்துக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். இங்கே கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பதில் பேர்போன வீரராகவன் தம்பதியரும் தாங்கள் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

1951-இல் நேரு கூப்பிட்டார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்க வேண்டும் என்று. நல்ல வேலை, நல்ல சம்பளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். 54 வயது. அந்தத் துறை 1890-இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. நம் நாட்டுச் செடிகளைக் காயவைத்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பியது அதிகம். நம் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் அங்கே போக வேண்டிய நிலைமை. இந்த மண்ணின் செடிகளை இந்த மண்ணிலேயே வைத்து நம் ஆட்கள் ஆராய வேண்டும் என்பது இவர் விருப்பம். திட்டம் போட்டுக் கொடுத்தார், 1954-இல் துறை புது வடிவம் பெற்றது. ஆனால் தலைமைப் பதவி இவருக்கு வரவில்லை. பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரிப் பேராசிரியரான சாந்தப்பா பாதிரியாருக்குப் போனது. ஸ்பெயினில் பிறந்தவர், நல்ல அறிஞர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் திட்டம் போட்டவர் ஒருவர், நாற்காலி இன்னொருவருக்கு. கியூவின் வழி மறுபடி வந்துவிட்டதே என்று ஜானகி அம்மாள் மனம் கசந்து டார்லிங்டனுக்குக் கடிதம் எழுதினார். பதவி உயர்வில் ஒருமுறையாவது தாண்டிப்போகப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கசந்தாலும் வேலையை விடவில்லை. அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகம், பிறகு ஜம்மு, கொஞ்ச காலம் டிராம்பே. ஊர் ஊராகப் போய்ச் செடி சேகரித்தார்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஷில்லாங்கிலிருந்து 37 மைல் ஒரு மரத்தைத் தேடிப் போனார். மக்னோலியாவில் ஒரு வகை, அஸ்ஸாமின் அந்தப் பகுதியிலேயே அது ஒன்றுதான் இருந்தது. போய்ப் பார்த்தால் மரத்தை எரித்துவிட்டிருந்தார்கள். எரித்தவர்களைத் திட்டி என்ன செய்வது? காடு திருத்தி உணவு விளைவிக்க வேண்டும் என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம். எரித்தவருக்கு அது பத்தோடு பதினொன்று. அது ஒன்றுதான் மிச்சம் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எந்த ரெஜிஸ்டரில் இருந்தது?

1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்பது பற்றி ஒரு பெரிய கருத்தரங்கு. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் இவர். பழங்குடிகளும் சிறு விவசாயிகளும் எந்தெந்தச் செடியை நம்பி வாழ்கிறார்கள் என்று பேசினார்.

1970-இல் சென்னைக்கே திரும்பினார். மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வயல்வெளி ஆய்வகம். இன்று நாம் சென்னை போகும்போது டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு திட்டுகிற அதே மதுரவாயல். மூலிகைச் செடிகளுக்கு நடுவில் இருந்தார். 1977-இல் பத்மஸ்ரீ. அப்போது 79 வயது. நம்மில் பலர் அந்த வயதில் மாத்திரை டப்பாவை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருப்போம். இவர் கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் சைலன்ட் வேலி காட்டில் அணை கட்டப்போகிறார்கள் என்றதும் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டார். மேடை ஏறிப் பேசியதை விட, மூழ்கப்போகிற காட்டில் உள்ள மரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவுசெய்யக் கிளம்பினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. அணை வருகிறதோ இல்லையோ, என்ன இழக்கப்போகிறோம் என்பது எழுத்தில் இருக்கட்டும் என்று.

1984 பிப்ரவரி 7-ஆம் தேதி மதுரவாயலில் காலமானார். அணைத் திட்டம் அதற்குள் கைவிடப்பட்டிருந்தது. அதே வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதை அவர் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு நிமிஷம், செக்ரட்டரி ஐயா வாட்சைப் பார்க்கிறார்.

அடுத்த மாதம் நம் பொதுக்குழுவில் ஒரு பொருள் வருகிறது. பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கிற காலி நிலத்தில் பேவர் பிளாக் போட்டு பார்க்கிங் ஆக்குவது. எதிர்த்து ஓட்டுப் போடுங்கள் என்று கேட்பதற்காக நான் இந்தக் கதையைச் சொல்லவில்லை. வண்டி நிறுத்த இடமில்லாமல் தெருவில் விட்டு, கண்ணாடி உடைந்தவர்கள் இங்கேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கஷ்டமும் நிஜம். ஆனால் தீர்மானத்தின் நகலைப் படித்தேன். "புதர் மண்டிய வெற்றிடம்" என்று இருக்கிறது. அந்த மூன்று வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. தானே புயலில் 2011-இல் முன்பக்கம் இருந்த மரமெல்லாம் விழுந்தபோது, பின்பக்கத்தில் தப்பித்தவை அங்கேதான் நிற்கின்றன. வேம்பு இருக்கிறது, பூவரசு இருக்கிறது, புங்கன் இருக்கிறது. மூலையில் ஒன்று இருக்கிறது, பெயர் எனக்கும் தெரியவில்லை, வாட்ச்மேன் அண்ணனுக்கும் தெரியவில்லை. கீழே நாயுருவியும் கீழாநெல்லியும் தூதுவளையும். இவை எத்தனை? எதை வெட்டினால் பார்க்கிங் வரும், எதை விட்டுவிட்டும் வரும்? ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு பட்டியல் நம் கையில் இருக்க வேண்டாமா? அதைப் பார்த்த பிறகும் பேவர் பிளாக்தான் வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி, பம்ப் ரூம் வாசல். லாங் சைஸ் நோட்டு நான் கொண்டுவருகிறேன், கோடு போட்டு வைத்திருக்கிறேன்: வரிசை எண், பெயர், சுற்றளவு, இருக்கும் இடம். டேப் யாராவது கொண்டுவாருங்கள், தையல் டேப் போதும். சி பிளாக் பெரியம்மாவுக்கு மூலிகைப் பெயர்கள் அத்தனையும் தெரியும், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நாற்காலி வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகள் போன் கொண்டுவந்தால் படம் எடுத்துக்கொள்ளலாம். பெயர் தெரியாத மரத்துக்கு எண் மட்டும் போட்டு, இலையை நோட்டுக்குள் வைத்துக்கொள்வோம். வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம். செருப்பு போடாமல் ஷூ போட்டு வாருங்கள், நெருஞ்சி முள் நிறைய இருக்கிறது.